உறுப்பினர் எண் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறார்

செம்பாக்கம் ஏரிக்கரையிலிருந்து மூன்றாவது தெருவில், செல்வமேரியின் வீட்டு டி.வி.க்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. என்ன பெட்டி என்று யாராவது கேட்டால் ஸ்டெபிலைசர் என்று சொல்லவேண்டும். அது உத்தரவு. உண்மையில் அது பார்வையாளர் அளவீட்டு வாரியத்தின் சொத்து. எந்த சேனலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணிச் சொல்வது அந்த வாரியத்தின் வேலை. ஊரிலுள்ள எல்லார் வீட்டுக்குள்ளும் போய் எட்டிப்பார்க்க முடியாது என்பதால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வீடுகளைப் பொறுக்கியெடுத்துப் பெட்டி வைத்துவிடுவார்கள். அந்த வீட்டில் ஒருவர் பார்த்தால் ஊரில் இத்தனை ஆயிரம் பேர் பார்த்ததாக வைத்துக்கொள்வார்கள். செல்வமேரியின் கணவர் சின்னப்பன் பார்த்தால் நாற்பத்தோராயிரம் பேர் பார்த்ததாக அர்த்தம். இதை அவரிடம் சொல்லியிருக்கவே கூடாது.

பெட்டியோடு ஒரு ரிமோட்டும் கொடுத்திருந்தார்கள். அதில் ஆறு பட்டன். ஒன்று, குடும்பத் தலைவர் சின்னப்பன். இரண்டு, செல்வமேரி. மூன்று, மகள் ஜாஸ்மின். நான்கும் ஐந்தும் காலி. ஆறு, விருந்தாளி. டி.வி. முன்னால் உட்காரும்போது அவரவர் எண்ணை அமுக்கவேண்டும். எழுந்து போகும்போது மறுபடியும் அமுக்கவேண்டும். யாருமே அமுக்காமல் டி.வி. ஓடினால் பெட்டி கீ கீ என்று கத்தும். யாராவது ஒருவர் தான் இருப்பதாக ஒப்புக்கொள்ளும்வரை விடாது.

சின்னப்பன் தாம்பரத்தில் மின்ரயில் பணிமனையில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிமனையில் அவர் பேச்சைக் கேட்டு யாரும் ஒரு போல்ட்டைக்கூடத் திருகியதில்லை. வீட்டில் மகள் அவர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வழியில்லை; காதில் ஏற்கெனவே இயர்போன் இருந்தது. அப்படிப்பட்ட மனிதரிடம் அறுபது வயதில் நாற்பத்தோராயிரம் பேரைத் தூக்கிக் கொடுத்தால் என்ன ஆகும். சாயங்காலம் ஏழே முக்காலுக்கே முகம் கழுவி, சட்டை மாட்டிக்கொண்டு, ஒயர் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவார்.

"டி.வி. பாக்கறதுக்கு சட்ட இன்னாத்துக்கு?" என்று செல்வமேரி கேட்டாள்.

"நான் ஒருத்தனா பாக்கறேன்? நாப்பத்தோராயிரம் பேரு பாக்கறான். அவ்ளோ பேரும் பனியனோட ஒக்காந்துகினு இருந்தா நல்லாவா கீது?"

அவருக்குச் சர்க்கரை உண்டு. எட்டு மணி சீரியல் பாதியில், சரியாக எட்டு இருபதுக்கு, அவர் பாத்ரூம் போயாகவேண்டும். போகும்போது ஒன்றாம் எண்ணை அமுக்கிவிட்டுத்தான் போவார். எவ்வளவு அவசரமானாலும் அமுக்காமல் போனதில்லை. இரண்டு மாதம் கழித்து, சீரியலில் எட்டு இருபதுக்கு வரும் முக்கியமான திருப்பமெல்லாம் எட்டு இருபத்தைந்துக்கு மாறியது. தென்புறநகரில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் நாற்பத்தோராயிரம் பேர் எட்டு இருபதுக்கு ஒரே சமயத்தில் எழுந்து போகிறார்கள் என்று சேனல்காரர்களுக்குத் தெரிந்துவிட்டதாம். பெட்டியைக் கவனித்துக்கொள்ள மாதம் ஒருமுறை கீழ்க்கட்டளையிலிருந்து ஸ்கூட்டியில் வரும் கோகிலவாணி இதை ரகசியமாகச் சொன்னாள். அன்றைக்கு சின்னப்பன் சாப்பிடவே இல்லை. சந்தோஷத்தில்.

ஒருமுறை மாதா கோயிலிலிருந்து வீடு மந்திரிக்க வந்த சாமியார் பெட்டியைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். ஸ்டெபிலைசர் என்று சின்னப்பன் சாமியாரிடமே பொய் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால், அதே சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து பாவமன்னிப்பு கேட்கப் போய், ஒரு பொருளைப் பற்றிப் பொய் சொல்லிவிட்டேன், என்ன பொருள் என்று சொல்வதற்கில்லை என்று முழங்காலில் நின்று அழுதார். வாரியத்துக்கு இப்படி ஒரு விசுவாசி அதற்கு முன்னும் கிடைத்திருக்கமாட்டான், பின்னும் கிடைக்கமாட்டான்.

செல்வமேரி இரண்டாம் எண்ணை அமுக்குவாள். உடனே குக்கர் விசில் அடிக்கும். மறுபடி அமுக்கிவிட்டு எழுந்து போவாள். வந்து அமுக்கி உட்கார்ந்தால் சின்னப்பன் தண்ணீர் கேட்பார். தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தால் மாத்திரை கேட்பார். சீரியலில் யார் யாருக்கு மாமியார் என்று அவளுக்கு ஆறு வருஷமாகத் தெரியாது. ஜாஸ்மின் மூன்றாம் எண்ணை அமுக்கியதே இல்லை. பெருங்குடியில் வேலை முடிந்து வந்ததும், தன் அறையில் படுத்துக்கொண்டு போனில் கொரியா நாட்டுத் தொடர் பார்ப்பாள். உள்ளேயிருந்து அவள் தனியாகச் சிரிக்கிற சத்தம் ஹாலுக்குக் கேட்கும்.

போன பிப்ரவரி பதினொன்றாம் தேதி காலையில், பால் பாக்கெட் வாங்கப் போன சின்னப்பன் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே போனதும் அவரை உள்ளே படுக்கவைத்துவிட்டு, செல்வமேரியிடம் வந்து தலையை மட்டும் ஆட்டினார்கள்.

செல்வமேரி அழவில்லை. வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள், அவள் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். கல்லறையில் மண் போடும்போதும் எதுவும் வரவில்லை. கை கால் இருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டாள். இருந்தன. பசிக்கவில்லை, தூங்கவில்லை, அதைப் பற்றிப் புகாரும் இல்லை. "அவரு இல்ல" என்று போனில் விசாரித்தவர்களுக்குச் சொன்னாள். "அவரு இல்ல" என்பது கடைக்குப் போயிருக்கிறார் என்பதற்கும் சொல்கிற வார்த்தைதான். அதைத் தாண்டி அவள் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை.

மூன்றாம் நாள், துக்கத்துக்கு வந்த உறவுக்காரப் பிள்ளைகள் பொழுது போகாமல் டி.வி.யைப் போட்டார்கள். பெட்டி கத்தத் தொடங்கியது. யாருக்கும் அதை நிறுத்தத் தெரியவில்லை. செல்வமேரி பாயிலிருந்து எழுந்துபோய், ரிமோட்டை எடுத்து, ஒன்றை அமுக்கினாள். போன வருஷம் அவருக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது இரண்டு மாதம் அவள்தான் அவருக்காக அமுக்கிக்கொண்டிருந்தாள். முதலில் ஒன்று, பிறகு இரண்டு. இப்போது ஒன்றை அமுக்கியதும் பெட்டி அடங்கிவிட்டது. இரண்டை அமுக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தான் அங்கே உட்கார்ந்திருப்பதாகவே அவளுக்குப் படவில்லை.

அன்றிலிருந்து தினமும் எட்டு மணிக்கு டி.வி.யைப் போடுவாள், ஒன்றை அமுக்குவாள், ஒயர் நாற்காலிக்குப் பக்கத்தில் தன் ஸ்டூலில் உட்காருவாள். ஒன்பதரைக்கு ஒன்றை அமுக்கி நிறுத்துவாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த சாயங்காலம்தான் ஜாஸ்மின் அதைப் பார்த்தாள். தண்ணீர் எடுக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, அது அப்பா பட்டன்."

"ஆமா."

"ஏன்மா அத அமுக்கறே?"

செல்வமேரி யோசித்துப் பார்த்தாள். "கத்துதுடி" என்றாள்.

ஜாஸ்மின் ஒரு காதிலிருந்து இயர்போனை எடுத்தாள். "ஆபீஸ்ல போய் சொல்லும்மா. பாக்கவே கஷ்டமா இருக்கு. ரயில்வேல பேர் எடுத்துட்டாங்க, ரேஷன்ல எடுத்துட்டாங்க. இவங்களும் எடுத்துடுவாங்க."

அவள் சொன்னது நியாயம்தான். ரேஷன் கார்டில் சின்னப்பன் பேரை எடுக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வாரியம் கொடுத்திருந்த கையேட்டிலும், குடும்பத்தில் மாற்றம் ஏற்பட்டால் பதினான்கு நாளுக்குள் நேரில் தெரிவிக்கவும் என்று இருந்தது. பதினான்கு நாள் தாண்டிவிட்டதே என்ற பயம் ஒன்றுதான் அந்த மாதத்தில் செல்வமேரிக்குள் கொஞ்சமாவது அசைந்த விஷயம். இறப்புச் சான்றிதழை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு தாம்பரம் போய், மின்ரயிலில் குரோம்பேட்டையில் இறங்கினாள்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது வாரியத்தின் மண்டல அலுவலகம். உள்ளே சுவர் முழுக்க டி.வி. பதினாறு இருந்தன, பதினாறும் ஓடின. அவற்றுக்குக் கீழே இருபது பேர் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆவணப் பிரிவு மேற்பார்வையாளர் சாம்பசிவன் என்று பெயர்ப்பலகை வைத்த மேஜையில் ஒருவர் நிமிர்ந்தார். அவர் ஒரு படிவத்தை எடுத்துப் போட்டார். குடும்ப மாற்றப் படிவம். அதில் திருமணம், பிறப்பு, வெளியூர்ப் பயணம், வீடு மாற்றம், இதர என்று ஐந்து கட்டம் இருந்தது.

"இதுல எதும்மா?"

"வூட்டுக்காரரு இல்லீங்க சார்."

"வெளியூரா?"

அவள் சான்றிதழை நீட்டினாள். அவர் படித்துவிட்டு, "இதர" என்று எழுதிக்கொண்டார். பிறகு கம்ப்யூட்டரில் வீட்டு எண்ணைத் தட்டினார். வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"சின்னப்பன் நேத்து எட்டுலேர்ந்து ஒன்பதரை வரைக்கும் பார்த்திருக்காரே."

"அது நான் அமுக்கினதுங்க."

"நீங்க யாரு?"

"செல்வமேரி."

"செல்வமேரி பிப்ரவரி பதினொண்ணுலேர்ந்து பார்க்கலம்மா." அவர் நாற்காலியைத் திருப்பி அவளுக்கு விளக்கத் தொடங்கினார். குரலில் கோபமே இல்லை, அன்பாகத்தான் சொன்னார். "இப்ப பாருங்க. உங்க வீட்ல பிப்ரவரி பதினொண்ணு ஒருத்தர் காலமாயிருக்காங்க. சர்டிபிகேட் சொல்லுது. சரி. உங்க வீட்ல பிப்ரவரி பதினொண்ணோட ஒருத்தர் நின்னுருக்காங்க. மிஷின் சொல்லுது. அதுவும் சரி. தேதி பொருந்துது, வீடு பொருந்துது, எண்ணிக்கை பொருந்துது. பேர் மட்டும்தான் பொருந்தல. சர்டிபிகேட்ல மாத்திப் போட்டுட்டாங்க. இது சகஜம். நாங்களே எழுதித் திருத்தச் சொல்லிடறோம்."

"சார், நான்தான் செல்வமேரி. ஆதார் கீது."

ஆதாரையும் வாங்கிப் பார்த்தார். போட்டோவையும் முகத்தையும் ஒப்பிட்டார். "நீங்க செல்வமேரிங்கறதுக்கு இது போதும். செல்வமேரி பார்க்கறாங்கங்கறதுக்கு இது போதாது" என்று திருப்பிக் கொடுத்தார்.

வேறு யாராவதாக இருந்தால் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்திருப்பார்கள். செல்வமேரிக்குக் கோபம் வரவில்லை. சொல்லப்போனால், அவர் சொன்னதில் பெரிய தப்பு எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. பதினொன்றாம் தேதிக்குப் பிறகு தான் எங்கே இருந்தோம் என்று யாராவது கேட்டால் அவளுக்கும் பதில் தெரியாது. ஆனாலும் வீட்டுக்காரர் பேரை எடுக்கவேண்டும், ஜாஸ்மின் கஷ்டப்படுகிறாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இது நம் மட்டத்தில் முடிகிற விஷயம் இல்லை என்று சாம்பசிவன் அவளை மண்டல இயக்குநர் சத்யநாராயணனின் அறைக்கு அழைத்துப்போனார்.

இயக்குநர் நல்ல மனிதர். எழுந்து நின்று கும்பிட்டார். உட்காரச் சொன்னார். அவருடைய போன் மேஜைமேல் மல்லாந்து கிடந்தது. அதில் யாரோ சத்தமில்லாமல் மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள். பேசும்போதெல்லாம் அவர் கட்டைவிரல் அதைத் தள்ளித் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தது.

"அம்மா, வாரியத்தோட வரலாறு உங்களுக்குத் தெரியணும். முதல்ல ரேடியோ. ஊருக்கு ஒண்ணு, பஞ்சாயத்து ஆபீஸ்ல. அப்புறம் டி.வி. தெருவுக்கு ஒண்ணு. ஞாயித்துக்கிழமை படம் போட்டா ஒரு ஹால்ல அறுபது பேர். அப்ப இருந்தது ஒரே சேனல். யாரு எதப் பார்க்கறாங்கன்னு எண்ணவே வேண்டாம். அதனால நாங்க இல்ல. அப்புறம் கேபிள் வந்தது, டிஷ் வந்தது, நூறு சேனல், இருநூறு சேனல். ஜனங்க எதப் பார்க்கறாங்கன்னு ஜனங்களுக்கே தெரியல. அப்பத்தான் வாரியம் பொறந்தது. குழப்பம் இருக்கற வரைக்கும்தான் நமக்கு மரியாதை. இப்ப எல்லாரும் இன்டர்நெட் இன்டர்நெட்ங்கறான். அது ஒரு காய்ச்சல். வந்த மாதிரியே போயிடும். நான் பதினஞ்சு வருஷமா சொல்லிட்டு இருக்கேன்."

செல்வமேரி தலையாட்டினாள்.

"அதுல பட்டன் கிடையாது. நீங்க பார்க்கறீங்களான்னு கேக்க மாட்டான். அவனுக்கே தெரிஞ்சுடும். எங்க நிறுத்தினீங்க, எங்க தூங்கினீங்க, எல்லாம் தெரியும். அதுல என்னம்மா கௌரவம் இருக்கு? நாங்க கேட்டுட்டு எண்ணறவங்க. நீங்க என்ன சொன்னாலும் நம்பறவங்க. நம்பிக்கை மேலதான் இந்த பில்டிங்கே நிக்குது."

சாம்பசிவன் ஒரு தாளை நீட்டினார். இயக்குநர் அதைப் பார்த்ததும் போனைத் தள்ளுவதை நிறுத்தினார்.

"ஐம்பது வயசுக்கு மேற்பட்ட ஆண்கள், தென்புறநகர். ஆறு வருஷம் முன்னால எட்டு வீடு இருந்தது. ஒவ்வொருத்தரா பெட்டியத் திருப்பிக் குடுத்துட்டாங்க. இன்னைக்கு இருக்கறது ஒரு வீடு. உங்க வீடு. ஆனா ஜனத்தொகை குறையலையே. அதனால அந்த ஏழு வீட்டு பாரமும் இப்ப சின்னப்பன் சார் மேலதான். அவர் இப்ப நாற்பத்தோராயிரம் இல்ல. மூணு லட்சத்து இருபத்தெட்டாயிரம் பேர். ஆள் குறையக் குறைய மதிப்பு கூடும். இதுதான் புள்ளியியல்."

உயிரோடு இருக்கும்போது இதைக் கேட்டிருந்தால் அவர் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டிருப்பார் என்று செல்வமேரி நினைத்தாள். நினைத்தாளே தவிர, சிரிப்பு வரவில்லை.

"அதுலயும் பிப்ரவரிக்கு அப்புறம் அவரோட தரம் எங்கயோ போயிடுச்சும்மா. எட்டு இருபதுக்கு எழுந்து போற பழக்கம் இருந்தது. அத விட்டுட்டார். விளம்பரத்துக்குக்கூட எழுந்திருக்கறதில்ல. தொண்ணூறு நிமிஷம் ஆடாம அசையாம பார்க்கறார். மூட்டுவலித் தைலக்காரங்க அவர நம்பி ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டிருக்காங்க. சம்சாரம் போன துக்கத்துல பாவம், டி.வி.யிலதான் ஆறுதல் தேடறார் போல. இந்த நேரத்துல அவர லிஸ்ட்லேர்ந்து எடுத்தா, அது மனிதாபிமானமா?"

"சார், நான்தான் அவரு சம்சாரம்."

இயக்குநர் சாம்பசிவனைப் பார்த்தார். "துக்கத்துல இருக்காங்க" என்றார் சாம்பசிவன். அவளுக்கு ஒரு டீ சொன்னார்கள். நேரடிச் சரிபார்ப்பு ஒன்று நடத்தி முடிவு செய்கிறோம் என்று எழுதிக்கொடுத்தார்கள்.

நேரடிச் சரிபார்ப்பு ஜூன் மாதம் வந்தது. எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சாம்பசிவனும் கோகிலவாணியும் வந்தார்கள். ஒயர் நாற்காலிக்கு மேலே சுவரில் சின்னப்பனின் போட்டோ, பிளாஸ்டிக் மாலையோடு, சின்ன சிவப்பு பல்பு எரிய, மாட்டியிருந்தது. சாம்பசிவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நாற்காலிக்கு எதிரே நின்று, கேள்வித்தாளை விரித்தார்.

"திரு. சின்னப்பன் அவர்களே, கடந்த வாரம் தாங்கள் கண்ட நிகழ்ச்சிகள் தங்களுக்குத் திருப்தி அளித்தனவா?"

விதிப்படி பத்து வினாடி காத்திருக்கவேண்டும். பதில் வராவிட்டால், கருத்து இல்லை என்று குறிக்கவேண்டும். சாம்பசிவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பத்து வினாடி காத்திருந்தார். குறித்துக்கொண்டார். பதினோரு கேள்வி, பதினோரு தடவையும் காத்திருந்தார். செல்வமேரி குறுக்கே ஏதோ சொல்லப் போனபோது கையைக் காட்டி நிறுத்தினார். "பக்கத்துல இருக்கறவங்க பதில் சொல்லக்கூடாதும்மா. அது அவரோட உரிமை."

முடித்ததும் அவருக்கு முகம் மலர்ந்திருந்தது. "நல்ல மனுஷர். வேளச்சேரில ஒருத்தர் இருந்தார், முதல் கேள்விக்கே ஒரு மணி நேரம் திட்டினார்."

எட்டு அடித்தது. செல்வமேரி டி.வி.யைப் போட்டாள். பெட்டி கத்த ஆரம்பித்ததும் பழக்கத்தில் ஒன்றை அமுக்கினாள். சாம்பசிவன் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பார்வை பதிவாகியது என்று எழுதினார். பிறகு ஒரு முழு அத்தியாயமும் கூட இருந்து பார்க்கவேண்டும் என்ற விதிக்காக, வேறு நாற்காலி இல்லாமல், ஒயர் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். பெயர் ஓடி முடிவதற்குள் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துவிட்டார். கோகிலவாணியும் எடுத்தாள். உள்ளே ஜாஸ்மின் சிரிப்பது கேட்டது. டி.வி.யில் ஒரு மருமகள் கதவைத் திறந்தாள், அதற்கு விளம்பரத்தோடு சேர்த்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தது போட்டோ மட்டும்தான்.

கிளம்பும்போது கோகிலவாணி கேட்டருகே பின்தங்கினாள்.

"அக்கா, எனக்குத் தெரியாதா? கல்லறை வரைக்கும் வந்தேன்ல. மால போட்டேன்ல. ஆனா இந்த ஒரு வீடும் போயிடுச்சுன்னா இந்த ஆபீஸ மூடிடுவாங்கக்கா. எம்பொண்ணு இப்பத்தான் பிளஸ் டூ வந்திருக்கா. பெட்டி பாத்துக்கற வேல தவிர எனக்கு இன்னா தெரியும்? அண்ணன் பாக்கறமாதிரி இருந்துட்டுப் போவட்டுமே."

செல்வமேரி சரி என்றாள். அவளுக்கு எதற்கும் சரி என்றுதான் வந்தது.

ஜூலை இரண்டாம் வாரத்தில் வாரியத்திலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு ஹாட் பாக்ஸ், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரம், ஒரு கடிதம். கடிதம் திரு. சின்னப்பன் அவர்களுக்கு எழுதப்பட்டிருந்தது. பிரிக்கலாமா என்று கொஞ்சநேரம் யோசித்துவிட்டுப் பிரித்தாள்.

"பேரன்புடையீர், தங்கள் துணைவியார் திருமதி செல்வமேரி அவர்கள் 11.02 அன்று பார்வையிலிருந்து விடுபட்டமை அறிந்து வாரியம் ஆழ்ந்த வருத்தம் அடைகிறது. உறுப்பினர் எண் இரண்டு இன்று முதல் நீக்கப்படுகிறது. அன்னார் தமது பார்வைக் காலத்தில் மணிக்குச் சராசரியாகப் பதினான்கு முறை எழுந்து சென்றுள்ளார் எனினும், ஒவ்வொரு முறையும் தவறாமல் திரும்பி வந்து அமர்ந்துள்ளார் என்பதை வாரியம் நன்றியுடன் நினைவுகூர்கிறது. இப்பேரிழப்பிலும் ஒரு நாள்கூடத் தவறாமல், ஒரு முறைகூட எழாமல், தாங்கள் ஆற்றிவரும் பணி..."

செல்வமேரி அதற்கு மேல் படிக்கவில்லை. பதினான்கு என்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

அவளுக்குத் தெரியாது, இதையெல்லாம் யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்று. பதினான்கு தடவை. ஒரு தடவை குக்கர். ஒரு தடவை கேட். மற்றதெல்லாம் அவருக்காக எழுந்தது. தண்ணீர், மாத்திரை, காரமில்லாத மிக்சர், ஃபேனைக் குறை, ஃபேனைக் கூட்டு, என் கண்ணாடி எங்கே. முணுமுணுத்துக்கொண்டே எழுந்திருப்பாள். ஆறு வருஷத்தில் ஒரு சீரியலை முழுசாகப் பார்க்கவிட்டதில்லை அந்த மனிதர். பிப்ரவரி பதினொன்றுக்குப் பிறகு அவள் தினமும் தொண்ணூறு நிமிஷம் உட்கார்ந்தபடியே இருந்திருக்கிறாள். ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கச் சொல்ல ஆள் இல்லை.

கடிதத்தை மடித்து ஹாட் பாக்ஸுக்குள் வைத்து மூடினாள். நெஞ்சுக்குள் எங்கேயோ வலிக்க ஆரம்பித்தது. ஐந்து மாதத்தில் முதல்முறையாக ஏதோ வலித்தது.

எட்டு மணிக்கு டி.வி.யைப் போட்டாள். பெட்டி கத்தியது. ரிமோட்டை எடுத்தாள். கட்டைவிரல் தானாக ஒன்றின்மேல் போய் நின்றது. கோகிலவாணியின் மகள் ஞாபகம் வந்தது. அதற்காகக் கொஞ்சநேரம் அங்கேயே வைத்திருந்தாள். பிறகு விரலை நகர்த்தி இரண்டை அமுக்கினாள்.

பெட்டியின் சின்னத் திரையில் எழுத்து ஓடியது. எண் 2 நீக்கப்பட்டவர். விருந்தாளி எனில் 6 அமுக்கவும்.

ஆறை அமுக்கினாள். ஆணா பெண்ணா என்று கேட்டது. சொன்னாள். வயது கேட்டது. ஐம்பதுக்கு மேல் என்பதை அமுக்கினாள். வருக என்று பெட்டி சொன்னது. சத்தம் நின்றது. தன் வீட்டு ஹாலில், தன் ஸ்டூலில், விருந்தாளியாக உட்கார்ந்தாள்.

எட்டு ஏழுக்கு போன் அடித்தது. சாம்பசிவன். மார்ச் மாதம் அவள் நேரில் போய் நின்றபோது வாரியம் நகர மூன்று மாதம் எடுத்துக்கொண்டது. இன்றைக்கு ஏழு நிமிஷம்தான் ஆகியிருந்தது.

"அம்மா, சார் இன்னும் உக்காரலையே. மூணு லட்சம் பேரு அப்படியே காணோம்மா. இங்க டைரக்டர் பக்கத்துலயே நிக்கறார். உடம்பு ஏதாவது சரியில்லையா?"

செல்வமேரி ஒயர் நாற்காலியைப் பார்த்தாள். அதன் கைப்பிடியில் அவர் விரல் பட்டுப் பட்டு ஒயர் வெளுத்திருந்தது. அவரு இல்ல என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"செத்துட்டாரு சார்" என்றாள்.

சொன்னபிறகுதான் அந்த வார்த்தை அவள் காதில் விழுந்தது. அந்த முனையில் பதினாறு டி.வி.யும் ஓடுகிற சத்தம் கேட்டது.

"எப்பம்மா?"

"இப்பதான்."

அதற்கு மேல் முடியவில்லை. அவள் போனைக் காதில் வைத்தபடியே அழுதாள். அழுகை குரலெடுத்து வந்தது, மூச்சு முட்ட வந்தது, ஐந்து மாதத்துக்கும் சேர்த்து வந்தது. ஜாஸ்மின் இரண்டு காதிலும் இருந்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அறையிலிருந்து ஓடிவந்தாள். அம்மாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாம்பசிவன் விதிப்படி பத்து வினாடி காத்திருந்தார்.

"நேரம் மட்டும் சரியா சொல்லுங்கம்மா. படிவத்துல எழுதணும்."

"எட்டு மணி" என்றாள் செல்வமேரி.